சுடாத வீட்டுக்கும் சேர்த்து

டிசம்பர் பிறந்ததும், பலகாரத்துக்குப் பச்சரிசி ஊறப்போடுவதற்கு முன்னால், எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு கணக்குப் பார்ப்பார்கள். சாத்தான்குளம், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று தேரிக்காட்டைச் சுற்றிக் கிடக்கிற, கிறிஸ்தவர் வாழும் ஊர்கள் எங்களுடையவை. “இந்த வருசம் யாரு யாரு வீட்ல சுட மாட்டாவ?” என்று பெரியம்மா கேட்பாள். ஜனவரி தொடங்கி ஊருக்குள் நடந்த சாவுகளை அம்மாவும் சித்தியும் ஒவ்வொன்றாகச் சொல்லி வருவார்கள். கீழத்தெருவில் ஒன்று, கோயில் பக்கத்தில் ஒன்று, சொந்தத்தில் இரண்டு. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து அரிசியில் படி ஏறும்.

சாவு விழுந்த கேத வீட்டில் அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டுவதில்லை. குடில் வைப்பதில்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுவதில்லை. புதுத்துணி உண்டா இல்லையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தாய்மாமன் எடுத்துக் கொடுத்துவிடுவார். இருட்டோடு நடக்கிற கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வருவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, கைகுலுக்கலும் வாழ்த்தும் தொடங்குவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். சபைச் சட்டம் எதிலும் இது எழுதப்படவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு ஏன் இந்த வருச துக்கம் என்று கண்டித்துப் பிரசங்கம் செய்த போதகர்மார் உண்டு. ஜனங்கள் அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். வழக்கம் மாறாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்து வீடுகளில் இருக்கிற அதே வழக்கம்தான் இது. வேதத்துக்கு வந்தபோது எங்கள் முன்னோர் விட்டுவந்தவை பல, இதை விடவில்லை. அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. சுடாத வீட்டுக்குச் சுடுகிற வீடுகள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முதலில் சம்பந்தி வீட்டார், பிறகு தாய்மாமன் வீட்டார், பிறகு தெரு. இருபத்து நான்காம் தேதி சாயங்காலத்துக்குள் முந்திரிக்கொத்தும் அதிரசமும் கைமுறுக்கும் சம்படம் சம்படமாக வந்து சேரும். பலகாரமே சுடாத வீட்டில்தான் அன்றைக்குத் தெருவிலேயே அதிகமான பலகாரம் இருக்கும். சுட்ட வீட்டில் ஒருவர் கைப்பக்குவம். சுடாத வீட்டில் பத்துப் பேருடையது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் நல்ல அச்சு ஒரே வீட்டில்தான் இருந்தது. அச்சு முறுக்கு சுட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்து வைத்துக்கொண்டு, கொதிக்கிற எண்ணெயில் முதலில் வெறும் அச்சைப் போட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ந்த அச்சை எடுத்து மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பில் மாவு ஏறிவிட்டால் முறுக்கு பூட்டிக்கொள்ளும், கழன்று வராது. சரியாக முக்கி எண்ணெயில் இறக்கிக் கம்பியை லேசாக ஆட்டினால், பூ தானாக அச்சை விட்டு மிதந்து போகும். புது அச்சு இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது. முதல் சில வருசம் மாவைப் பிடித்துக்கொண்டு பிய்க்கும். பல கிறிஸ்மஸ் எண்ணெய் குடித்துப் பழகிய அச்சுக்குத்தான் அந்த விடுகிற குணம் வரும். ஆகவே அந்த ஒரே அச்சு டிசம்பர் பதினைந்திலிருந்து வீடு வீடாகப் போகும். இன்றைக்கு யார் வீட்டில், நாளைக்கு யாருக்கு என்று பெண்கள் முறை பேசி வைத்திருப்பார்கள்.

ஒரு வருசம் ஐப்பசியில் அச்சுக்காரி அத்தையின் கணவர் இறந்துபோனார். கேத வீட்டில் போய்ப் பலகார அச்சைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இந்தத் தடவை அச்சு முறுக்கு வேண்டாம், முந்திரிக்கொத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். கிறிஸ்மஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அத்தையின் கடைசிப் பையன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். “சும்மா கெடந்தா துரு ஏறிருமாம், அம்மா குடுத்துட்டு வரச் சொன்னா.”

அந்த வருசமும் அந்த அச்சு தெரு முழுக்கப் போனது. இருபத்து நான்காம் தேதி அம்மா ஒரு சம்படம் நிறைய அச்சு முறுக்கு அடுக்கி, அச்சை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அத்தை ஒரு முறுக்கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் ஒடித்து வாயில் போட்டாள். “மாவு தண்ணியாப் போச்சு மதினி. அடுத்த வருசம் தேங்காப்பாலக் கொறச்சு ஊத்துங்க” என்றாள்.

அடுத்த வருசம் என்று அவள் சொன்னது அன்றைக்கு எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. ஒரு வீட்டில் சாவு விழுந்து இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்காரி அடுத்த வருசம் என்று சொல்ல எவ்வளவு பேர் சேர்ந்து அவளைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது, எங்கள் வீட்டிலேயே சட்டி ஏறாத ஒரு டிசம்பர் வந்தபோதுதான் புரிந்தது.

அந்த அச்சைப் போலவே, எங்கள் வீட்டு வழக்கம் என்று நாம் உரிமையோடு சொல்கிறவை எல்லாம் வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. குடில் வைப்பதைத் தொடங்கி வைத்தவர் அசிசி நகரப் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ என்ற மலையூரில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பெத்லகேமை ஏழைகள் கண்ணுக்குக் காட்டினார். அந்தக் குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று பத்து நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளிக்கிறோமே, அது அம்மன் கோயில் முளைப்பாரியிலிருந்து வந்த கையாக இருக்கலாம். பிளம் கேக்கின் கதை தலச்சேரிக்குப் போகும். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைத் தின்றுபார்த்து, மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் சுட்டுக் கொடுத்தது என்பார்கள். ஆராதனையில் பாடுகிற கீர்த்தனைகளில் பல, திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராகங்களில் கட்டித் தந்தவை. யாரோ கொடுத்ததை வாங்கி, நம் கைப்பக்குவம் சேர்த்து, நம்முடையது என்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வாங்கியது என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

ஒரு வீடு சுடாவிட்டால் தெரு கொடுக்கும். தெருவே கேத வீடானால்?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த குடும்பங்கள் காலையில் கடற்கரையில் நின்றபோது ஆழிப்பேரலை வந்தது. குமரிக் கரையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பண்டிகைக்குக் கட்டிய நட்சத்திரங்களோடு வீடுகள் போயின. அந்த ஊர்களில் பிறப்பு விழாவுக்கு மறுநாள் நினைவுநாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவுதான். 2017இல் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை எங்கும் ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்காகக் காத்திருந்தார்கள். கிறிஸ்மஸ் வந்தபோதும் பலர் திரும்பவில்லை. இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத வீட்டைக் கேத வீடு என்றும் சொல்ல முடியவில்லை. நட்சத்திரம் கட்டினால் அவரை மறந்ததாகும். கட்டாவிட்டால் அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். அந்தக் கரையின் பெண்கள் அந்த டிசம்பரை எப்படிக் கடந்தார்கள் என்பதை எழுத எனக்குச் சொல் இல்லை.

இப்படியான நேரங்களில் கொடுக்கிற தெரு இன்னும் தள்ளிப் போகிறது. 2004இல் அலை அடித்த கரைகளிலிருந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் நாள்கணக்கில் சமைத்துப் போட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் மாவட்டத்தில் வானம் பிளந்து கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். பக்கத்திலிருந்த புதுக்குடிக்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் கிடந்துகொண்டு, அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கிறிஸ்மஸ். அந்த ஆண்டு பல வீடுகளில் ஊறப்போட்டிருந்த அரிசியே தண்ணீரோடு போயிருந்தது. பலகாரம் வேறு ஊர்களிலிருந்து வந்தது.

பண்டிகைக்குப் பக்கத்திலேயே துக்கமும் இருக்கும் என்பதைத் திருச்சபை நாள்காட்டியை வகுத்தவர்கள் அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது. கிறிஸ்மஸுக்கு மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாளை வைத்தார்கள். 28ஆம் தேதி, ஏரோது வெட்டிக் கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். மத்தேயு எழுதிய பிறப்புக் கதையில், சாஸ்திரிகள் பொன்னும் தூபமும் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளை இழந்த ராகேலின் அழுகுரல் கேட்கிறது. ஆறுதல் சொன்னாலும் ஏற்காத அழுகை அது. பண்டிகை வாரத்துக்குள்ளேயே அந்த அழுகைக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பிரசங்கங்களில் நாம் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கேத வீட்டின் பின்வரிசைக்காரர்களுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டியிருக்கிறது.

குடும்ப வழக்கத்தை ஒரு குடும்பம் தனியாகக் காப்பாற்ற முடியாது. எந்த வீட்டுக்கும் ஒரு வருசம் வரும், கை எழாத வருசம். அந்த ஆண்டு வழக்கம் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வது அடுத்த வீட்டுக் கை. ஆண்டு கழிந்ததும் அதுவே திருப்பிக் கொடுக்கும். எங்கள் ஊரில் துக்கம் கழிந்த வீட்டார் தாங்களாக நட்சத்திரம் கட்டிவிட மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். உறவில் மூத்த ஒருவர் டிசம்பர் முதல் தேதியில் வந்து, “ஏம்ல இன்னும் கட்டல?” என்று அதட்டிவிட்டு, பையன்களைக் கூப்பிட்டுத் தானே நின்று கட்டச் சொல்லுவார். எங்கள் ஆச்சி பக்குவத்தில் சுடுகிறேன் என்று ஒருத்தி பெருமையாகச் சொல்லும்போது, அந்த ஆச்சி வீட்டு அடுப்பு எரியாத டிசம்பர்கள் எத்தனையோ இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் அவள் பக்குவம் யார் யார் வீட்டில் குடியிருந்ததோ, அவர்கள் எல்லாரும் அந்தப் பெருமையில் பங்குள்ளவர்கள். நம் நினைவில் இருப்பதாக நாம் நம்புகிற கிறிஸ்மஸ், பாதிக்கு மேல் பக்கத்து வீட்டார் நமக்காக வைத்திருந்து தந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். முந்திரிக்கொத்து நாகர்கோவிலிலிருந்து பார்சலில் போகிறது. காகித நட்சத்திரம் போய் எல்இடி நட்சத்திரம் வந்துவிட்டது. இதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. எதிர்க்கதவில் யார் இறந்தார்கள் என்று தெரியாமலே ஒரு டிசம்பர் கழிந்துவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கணக்குப் பார்க்க ஆளில்லாத இடத்தில் படி ஏறாது.

போன வருசம் தங்கை சென்னையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். அவள் மாடியில் ஒரு வீட்டில் கார்த்திகையில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டாராம். அவர்கள் ஐயர் வீடு. இந்த வருசம் பொங்கல் கிடையாது என்று அந்த வீட்டுப் பிள்ளை வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறது. கிறிஸ்மஸ் பலகாரத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, தப்பாக நினைப்பார்களா என்று கேட்டாள்.

“இதக் கேட்டுக்கிட்டா நிக்க?” என்றாள் அம்மா. “முட்டை போடாம மாவு கரைச்சு, புதுச் சட்டில, புது எண்ணெய்ல சுடு. அத அவுகள்ட்ட மொதல்லயே சொல்லிட்டுக் குடு. முட்டை இல்லன்னா அச்சுல கொஞ்சம் ஒட்டும், பயந்துராத, மைதா ஒரு கை சேர்த்துக்கோ. அந்தப் பிள்ளைக்குத் தனியா ஒரு பொட்டலம் கட்டு.”