கடைசித் தட்டு

2018 டிசம்பர். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவன் 19 வயசுப் பையன். வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோதுதான் நோய் இருப்பது தெரிந்து, தானே போய்ச் சொன்னான். அந்த மாசம் முடிவதற்குள் இறந்தும் போனான், பாவம். 2019 ஜனவரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லவேளை, குழந்தைக்குத் தொற்று இல்லை. 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

ரத்தத்தைச் சோதித்ததில் யார் கோட்டை விட்டது என்று நாடே கேட்டது. கேட்க வேண்டியதுதான். எனக்கு உறுத்துவது அதற்கு முந்தின கேள்வி. அவளுக்கு ஏன் ரத்தம் தேவைப்பட்டது? விபத்தில்லை, ஆபரேஷன் இல்லை. ரத்தசோகை!

அவள் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே.

"மாத்திரை குடுத்தோம்ல, முழுங்கினியா?" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் திட்டு விழும். அந்த மாத்திரை குமட்டும், மலச்சிக்கல் வரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. பட்டாசுக்குச் சரம் பின்னுகிறவளுக்கும் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும் பசியை அடக்குவதே அந்த டீதான். எண்ணிக்கைக்குத்தான் கூலி. செக்கப்புக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. சட்டம் 26 வாரம் பேறுகால விடுப்பு தரச் சொல்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள் யாரிடம் லீவு கேட்பாள்?

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக்... மூத்த பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எந்த அம்மா அந்தப் பேரீச்சம்பழத்தைத் தனியாகத் தின்பாள்? பங்கு போட்டால் ஆஸ்பத்திரியில் அலட்சியக்காரி. ஒளித்து வைத்தால் வீட்டில் சுயநலக்காரி.

எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்கிற பெண்ணை சினிமாவிலும் மேடையிலும் தெய்வம் என்கிறோம். அதே பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால், 'விழிப்புணர்வு இல்லாதவள்' என்கிறோம். ரெண்டும் ஒரே குணம்தானே சார்? வீட்டில் நாம் மெச்சி வளர்த்ததற்கு, ஆஸ்பத்திரியில் அவள் மட்டும் பதில் சொல்ல வேண்டுமா?

ஏழாம் மாசம் வளைகாப்பு. வகைவகையாய்ச் சாதம், முதல் இலை அவளுக்கு. மறுநாள் பழையபடி கடைசித் தட்டு. 'நிறையத் தின்னா பிள்ளை பெருத்துரும், பிரசவம் கஷ்டம்' என்று அதற்கொரு உபதேசம் வேறு.

செக்கப் நாளில் அவளிடம் கேட்பது போதும். கூட வருகிற புருஷனையும் மாமியாரையும் உட்காரவைத்து நர்சம்மா கேட்கட்டும்: "நேத்து மீன் குழம்புல இவ தட்டுல எத்தனை துண்டு விழுந்துச்சு?"