படிப்பு பிறகு பார்க்கலாமா?

"முதலில் பிள்ளை பிழைக்கட்டும், படிப்பும் விளையாட்டும் பிறகு பார்க்கலாம்." பிள்ளைக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் உற்றார் சொல்லும் வார்த்தை இது. அன்பினால் சொல்லப்படுவதே. ஆயினும் அது சரிதானா என்று சிந்திக்கத்தான் வேண்டும்.

சிறுவரிடையே அதிகம் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை தேவை. நமக்கு அது சிறு காலம். எட்டு வயதுப் பிள்ளைக்கோ, நினைவு தெரிந்த வாழ்வில் பாதி! வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 வீதமானோரையாவது பிழைக்கவைக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது. ஆகவே வகுப்புக்குத் திரும்பப் போகும் பிள்ளைகள் பலர். திரும்பாத பிள்ளைக்கோ 'பிறகு' என்பதே இல்லை. அப்பிள்ளைக்கு இன்றைய நாள் இன்னும் பெறுமதியானதன்றோ?

பசறைத் தோட்டக் குடும்பமொன்றை எண்ணிப் பாருங்கள். மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். மருந்து இலவசம், அது நம் நாட்டின் பெருமை. பஸ் இலவசமல்ல. கொழுந்துக்குப் போகாத நாளுக்குத் தாய்க்குச் சம்பளமுமில்லை. லயத்தில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? வாட்டிலோ சுற்றிலும் பெரும்பாலும் சிங்களப் பேச்சு. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ஊசியைவிட அந்த மௌனம் கொடிது.

மும்பையில் 2006இல் ஷ்யாமா, நிஹால் கவிரத்ன தம்பதியர் தொடங்கிய சென்ட் ஜூட் நிலையங்கள், தூரத்துக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் அளிக்கின்றன. சென்னையிலும் அவை உண்டு. அத்தனை வசதி நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியதில்லை.

மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்து தொற்று இலகுவில் பற்றும். ஆதலால்தான் நெரிசலான வகுப்பறை வேண்டாமென்கிறார்கள் டாக்டர்மார். கடிதம் எழுதக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. புற்றுநோய் பிறருக்குத் தொற்றுவதுமில்லை. வீடு திரும்பிய பிள்ளையிடமிருந்து தம் பிள்ளைகளை விலக்கும் அயலவர் இதை அறிய வேண்டும்.

வாந்தியும் அசதியுமான நாட்களில் பாடம் வேண்டாம், ஒரு கதை போதும். நல்ல நாட்களுக்கு, வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் பாடக் குறிப்பெழுதித் தகப்பனிடம் கொடுத்தனுப்பலாம். இடாப்பில் அப்பெயர் வரும்போது 'வரவில்லை' என்று கடந்துவிடாமல், இந்த வாரம் என்ன அனுப்பினோம் என்று வகுப்பைக் கேட்கலாம்.