பிள்ளை கூட்டத்தில் வருமென்று எண்ணி...



யேசு பாலன் 12 வயதிலே காணாமற்போன நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியின் 2ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். செபமாலை சொல்லும்போதும் அதைத் தியானிக்கிறோம். ஆயினும் ஒரு விபரத்தைக் கவனியாது கடந்துபோகிறோம். சூசையப்பரும் மரியன்னையும் பிள்ளையைச் சந்தையிலோ களியாட்டத்திலோ தவறவிடவில்லை. பாஸ்காத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், பக்தர் கூட்டத்தின் நடுவேதான் தவறவிட்டார்கள். பிள்ளை கூட்டத்தில் எங்கேனும் வருமென்று எண்ணி ஒரு நாட் பயணம் நடந்தும் விட்டார்கள். அவர்கள் அசட்டையாயிருந்தார்கள் என்று சொல்ல நான் துணியேன். புனித காரியத்துக்காகப் புறப்பட்டவர்களுக்கும் இப்படி நேரலாம் என்பதையே சொல்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு புகைப்படம்.

எங்கள் பங்கின் திருப்பலிகளை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பும் பொறுப்பை ஒரு குடும்பத் தலைவர் ஏற்றிருக்கிறார். சம்பளம் இல்லை. 2020 மார்ச் மாதம் கொரோனாவினால் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, தமது கைத்தொலைபேசியை ஒரு கதிரையின் முதுகிற் கட்டிவைத்துத் தொடங்கியவர் அவர். அது நல்ல பணி என்பதில் ஐயமில்லை. அதற்கு முந்திய ஆண்டு, ஏப்ரல் 21ந் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் வந்த ஞாயிறன்று, கர்தினால் ஆண்டகை நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலேயே கண்டார்கள். அந்நாட்களில் இச்சாதனங்கள் தந்த ஆறுதலை நாம் மறக்கலாகாது.

சென்ற ஆண்டு அவருடைய வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். சுவரிலே மகளின் முதல்நன்மைப் படம். வெள்ளை உடுப்பில் பிள்ளை, பக்கத்தில் தாய், அம்மம்மா, தம்பி. தகப்பனைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"அவர் கமராவிலதானே நிண்டவர், பாதர். நீங்கள்தானே கேட்டனீங்கள்" என்றார் மனைவி. பிறகு, சற்றுப் பொறுத்து, "கோயில் வேலை எண்டு சொன்னால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

ஆம், நான்தான் கேட்டிருந்தேன். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் உறவினர் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பெற்ற தகப்பன் தன் மகள் நற்கருணை வாங்கியதை உள்ளங்கையளவு திரையிற் பார்த்தார், அதுவும் வெளிச்சம் சரியோ என்று பார்த்துக்கொண்டு!

அந்தத் தாயின் சொல் என்னை மாற்கு நற்செய்தியின் 7ம் அதிகாரத்துக்குக் கொண்டுபோயிற்று. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிட்டவர்களை யேசு அங்கே கடிந்துகொள்கிறார். பெற்றோரைக் குறித்துச் சொல்லப்பட்ட அது மனைவி மக்களுக்குப் பொருந்தாதா? காசுக்குப் பொருந்துவது நேரத்துக்குப் பொருந்தாதா? கணவன் மதுச்சாலைக்குப் போனால் மனைவி சண்டை பிடிக்கலாம். பங்குத் தந்தையிடம் முறையிடலாம். கோயிலுக்குப் போகிறேன் என்றால் யாரிடம் முறையிடுவாள்? முறையிட வேண்டிய இடமே அதுவாகிவிட்டதே.

முன்னாளிலும் திருச்சபைப் பத்திரிகைகளுக்காக உழைத்தவர்கள் இருந்தார்கள். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்த அச்சுக்கோர்ப்பவரின் உழைப்பு இலேசானதன்று. ஆனால் வாரப் பத்திரிகை அச்சேறியதும் அச்சகத்தைப் பூட்டி வீடு செல்ல முடிந்தது. இன்றைய அச்சகம் சட்டைப் பையிற் கிடக்கிறது. ஆவணித் திருவிழா நாளில் இங்கே இரவு 10 மணியென்றால் ரொறன்ரோவில் நண்பகல் 12.30. "படம் தெளிவில்லை", "கொடியேற்றத்தை மறுபடி போடுங்கள்" என்று செய்திகள் வந்துகொண்டேயிருக்கும். இங்கே செபமாலை சொல்ல முழந்தாட்படியிட்ட குடும்பத்தில் ஒருவரின் கை மட்டும் பையைத் தடவும். ஆலய அறிவித்தல்களை இரவிரவாகக் கணினியில் எழுதும் தாய்மாரும் இளைஞரும் இதை அறிவார்கள்.

2ம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ந் திகதி சமூகத் தொடர்பு சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி உலக சமூகத் தொடர்பு நாள் 1967 மே 7ந் திகதி முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. 1980லும் 2015லும் அந்நாளுக்குக் குடும்பமே பொருளாயிற்று. பேசவும் கேட்கவும் மனிதன் முதலிற் பழகுவது வீட்டில் என்பதைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் விளக்கினார். வீட்டில் ஊமையாயிருப்பவன் உலகத்துக்கு எதை அறிவிக்கப் போகிறான்? திருமணம் தேவதிரவிய அனுமானம், ஒளிபரப்பு அப்படியல்ல. இதை நாங்கள் குருமாரே முதலில் நினைவில் வைக்கவேண்டும். விரும்பி உழைப்பவர் கிடைத்தால் அவர் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்துவது எங்கள் பழைய வழக்கம்.

பங்குச் சபையில் இதைப் பேசினோம். இரண்டு இளைஞருக்கு வேலையைப் பழக்கினார் அவர். பங்கின் செய்திகளுக்கென்று தனியாக ஒரு தொலைபேசி இப்பொழுது அறைவீட்டில் இருக்கிறது. இரவு 9 மணிக்குப் பின் அது பேசாது. மரண அறிவித்தல் மட்டும் விலக்கு. சிலருக்கு மனத்தாங்கல்தான்.

இவ்வாண்டு நற்கருணை விழா மாலையில் இளைஞரே கமராவில் நின்றார்கள். படம் ஆடியது, பிரசங்கத்தின் நடுவே சத்தமும் சிறிது நேரம் நின்றுபோயிற்றாம். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டார், வருத்தம் தெரிவித்தேன். பீடத்திலிருந்து பார்த்தபொழுது அந்தத் தகப்பன் மூன்றாம் வரிசையில் மனைவியோடு அமர்ந்திருந்தார். மகள் அவர் தோளிற் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். என் பிரசங்கம் நீண்டுவிட்டது போலும்.