அறுபது நாள் முஸாபிர்

விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைய அனுமதிப்பது விருந்தோம்பலைப் போன்றது. வாருங்கள், பாருங்கள், இத்தனை நாள் இருங்கள், பிறகு போய்விடுங்கள் என்று அந்த நாடு சொல்கிறது. விருந்தாளியிடம் வீட்டுக்காரர் அதிகம் விசாரிப்பதில்லை. ஆனால் கொடுத்த நாட்கள் முடியும் தறுவாயில் வெளியே போய், இரண்டு மூன்று நாளில் மீண்டும் அதே வாசலால் உள்ளே வந்து, இப்படியே வருடக்கணக்கில் அந்த வீட்டில் வாழ்கிற ஒருவனை என்னவென்பது? அவன் ஒவ்வொரு தடவையும் முறைப்படி நுழைந்தவன். ஒரு நாளேனும் தவணை மீறித் தங்காதவன். நீண்ட காலம் தங்குவதற்கென்று தனி விசா இருந்தும் அதை எடுக்காதவன். அவன் செய்வது தவறா?

கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. பேருவளை, சீனங்கோட்டைப் பக்கத்துக் கல் வியாபாரிகளுக்குத் தாய்லாந்து நெடுநாளாகப் பழக்கப்பட்ட பூமி. 1970களில் நம்மவர்கள் பால் நிறம் என்று ஒதுக்கி வைத்த கெவுடக் கற்களைத் தாய்லாந்துக்காரர் வந்து வாங்கிப் போய், சூளையில் சூடேற்றி நீலமாக்கி விற்றார்கள். அந்த வித்தையை நாம் அறிய முன்னர் எவ்வளவு கல் கைமாறிப் போயிற்று என்பதைப் பழைய முதலாளிமார் இன்றும் பெருமூச்சோடு சொல்வார்கள். 2024 ஜூலை 15 முதல் தாய்லாந்து 93 நாட்டவருக்கு விசா இன்றி 60 நாள் தங்க அனுமதி கொடுத்தபோது, அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. ஊரில் அன்று கொண்டாட்டம்தான்.

கல்லைக் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்புகிறவரைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. அவர் பத்து முறை போனாலும் பத்து முறையும் பயணிதான். நான் யோசிப்பது என்னிடம் படித்த ஒரு பையனைப் பற்றி. பையன் என்பது என் வாய்ப்பழக்கம். அவனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள். சந்தபுரி நகரில், வெள்ளி முதல் ஞாயிறு வரை கூடும் கல் சந்தையில், வாடகைக்கு ஒரு மேசை எடுத்து உட்கார்ந்திருக்கிறான். அங்கே வாங்குபவர் மேசையில் இருப்பார். தரகர்கள் கல்லைப் பொதியில் கொண்டுவந்து காட்டுவார்கள். மேசையும் அவனுக்கு நிரந்தரம், தங்கும் அறையும் நிரந்தரம். 60 நாள் நெருங்கினால் எல்லை தாண்டுவான், அல்லது ஊருக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவான்.

ஒருமுறை வந்தபோது என் வீட்டுத் திண்ணையில் இருந்து, "நான் எந்தச் சட்டத்த மீறின சேர்? ஒவ்வொரு முறையும் சீல் குத்தித்தானே உள்ளுக்கு உட்டாங்க" என்றான்.

அவனுடைய வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஓட்டையை அடைக்க விரும்பும் அரசுக்கு வழி தெரியாமலில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், எந்த 180 நாளைப் பின்னோக்கி எண்ணினாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. வெளியே போய் வந்தால் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பாது. 2025 ஒக்டோபர் முதல் அங்கே முத்திரைக்குப் பதில் இயந்திரம் எண்ணத் தொடங்கியது. தாய்லாந்தும் 2006இல் ஆறு மாதத்துக்கு 90 நாள் என்று ஒரு வரம்பு வைத்துப் பின்னர் தளர்த்தியது. 2016 டிசம்பர் 31 முதல் தரைவழியால் விசா இன்றி வருடத்துக்கு இரு முறைதான் என்றது. அடைக்கத் தெரிந்தவன் பாதி திறந்து வைத்திருக்கிறான் என்றால், உல்லாசப் பயணிகளின் காசு அவனுக்கும் வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? மாணவன் கேட்டது இதைத்தான்.

இந்தத் தந்திரத்தின் உருவம் நம் மார்க்க நூல்களைப் புரட்டியவர்களுக்குப் பழக்கமானது. ஸகாத் கடமையாவதற்குச் செல்வம் ஒரு வருடம் ஒருவரின் உடைமையில் இருக்க வேண்டும். வருடம் முடியுமுன் அதை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அடுத்த வருடம் அவளிடமிருந்து அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டால் இருவர் மீதும் ஸகாத் இல்லை என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். இதற்குப் பெயர் ஹீலா. கொடுத்தது கொடுத்ததுதான், வாங்கியது வாங்கியதுதான். தனித்தனியே பார்த்தால் பிழை பிடிக்க இடமில்லை. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதைக் கடுமையாகவே சாடுகிறார். எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவதும் வருடத்தை முறிக்கிற அதே வேலைதான்.

உள்ளூரில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கிறோம். 1971ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதனால் 170ஆம் நாளில் வேலையாளை நிறுத்தி, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கவைத்து, மீண்டும் புதிதாகச் சேர்க்கிற முதலாளிமார் உண்டு. அந்த முதலாளியும் "நான் எந்தச் சட்டத்தை மீறினேன்?" என்றுதான் கேட்பார். அவர்மீது நமக்கு வருகிற கோபம் எல்லை தாண்டுகிறவன்மீது ஏன் வருவதில்லை? முதலாளி பலமுள்ளவர், இவன் ஏழை. அது ஒரு காரணம்தான்; நியாயமான காரணமும்கூட. ஆனால் தந்திரம் ஒன்றுதான் என்பதை அது மாற்றாது.

முஸாபிர் யார், முகீம் யார் என்பதற்கு ஷாபிஈ மத்ஹபில் சுத்தமான ஒரு அளவு இருக்கிறது. வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்குவதாக நிய்யத் வைத்தவனுக்குப் பயணிக்குரிய சலுகை முடிந்தது. அவன் தொழுகையைச் சுருக்க முடியாது. வேலை இன்று முடியும், நாளை முடியும் என்று காத்திருப்பவனுக்கு 18 நாள் வரை இடமுண்டு. நாட்களை எண்ணுகிற சட்டம்தான் இதுவும். ஆனால் எண்ணத் தொடங்குமுன் அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறது. நான் மாணவனிடம், அங்கே நீ கஸ்ராகவா தொழுகிறாய் என்று கேட்டேன். "இல்ல சேர், முழுசாத்தான். நான் அங்க ஈக்கிற ஆள்தானே" என்றான். யோசிக்காமல் சொன்னான். சொன்ன பிறகுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

விமான நிலையத்து அதிகாரி கேட்கிற கேள்வியும் அதே கேள்விதான்: நீ வருகிறவனா, இருக்கிறவனா? அங்கே அவன் சொல்லும் பதில் வேறு. என் மனதில் உறுத்துவது இதுதான். சட்டத்தில் ஓட்டை இருப்பது அரசின் பாடு. ஒரு மனிதன் தான் எங்கே வாழ்கிறான் என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பது அவன் பாடு.

ஆனால் உண்மையைச் சொல்வதற்கு அங்கே என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். 2024இல் அறிமுகமான ஐந்து வருட விசாவில் ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம். கட்டணம் 10,000 பாத், வங்கியில் 5 இலட்சம் பாத் காட்ட வேண்டும். அது கணினியோடு வந்திருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவர்களை நினைத்துச் செய்தது. சந்தையில் மேசை போடுகிறவனுக்கானதல்ல. முறையான வியாபார விசாவும் வேலை அனுமதியும் வேண்டுமென்றால் பொதுவாக 20 இலட்சம் பாத் மூலதனமுள்ள கம்பனி, ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய் ஊழியர் என்று கேட்கிறார்கள். கல் வெட்டிப் பட்டை தீட்டுகிற வேலையோ வெளிநாட்டவருக்குத் தடை செய்த தொழில்களில் ஒன்று. பணக்காரன் உண்மையைச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம், ஏழை பொய் சொன்னால்தான் போகலாம் என்று ஒரு வாசலை அமைத்தவனுக்கும் அந்தப் பொய்யில் பங்கிருக்கிறது. ஆகவே வசதி இருந்தும் செலவை மிச்சம் பிடிக்க எல்லை தாண்டுகிறவனையும், வேறு வழியில்லாமல் தாண்டுகிறவனையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. முன்னவன் விருந்தாளிக்கு வைத்த சோற்றைக் காசு இருந்தும் தின்கிறான்.

பின்னவனுக்கு நான் சொல்லக்கூடியது வேறு. சலுகை என்பது கொடுத்தவன் கையில் இருப்பது. 2025 ஜூனில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் பிணக்கு முற்றி எல்லைக் கடவைகள் மூடப்பட்டன. ஜூலையில் சண்டையே மூண்டது. சந்தபுரியிலிருந்து கிட்டிய எல்லை கம்போடிய எல்லைதான். அவ்வழியால் போய் வந்தவர்கள் ஒரே நாளில் வழியிழந்தார்கள். நவம்பரில், காரணமின்றி இரு முறைக்கு மேல் இப்படி வந்து போகிறவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் அறிவித்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் மேசையில் கடனுக்குக் கொடுத்த கல்லை யார் கேட்பது? தரகர் ஏமாற்றினால் பொலிஸில் என்னவென்று முறையிடுவது, நான் இங்கே உல்லாசப் பயணி என்றா? இருக்கிறவனுக்குத்தான் வழக்காட முடியும். வருகிறவனுக்கு அடுத்த விமானம்தான்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வெலிகம, உனவட்டுனப் பக்கங்களில் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் விடுதி நடத்துகிறார்கள், வாகனம் வாடகைக்கு விடுகிறார்கள், நம் பிழைப்பில் கை வைக்கிறார்கள் என்று சில வருடங்களாகவே முறைப்பாடு. உக்ரேன் யுத்தத்தின் பின் நீடித்துக் கொடுக்கப்பட்டு வந்த ரஷ்ய, உக்ரேனியப் பயணிகளின் விசாவை இனி நீடிப்பதில்லை என்று 2024 பெப்ரவரியில் அறிவித்தபோது நம்மவர்கள் பலர் சந்தோஷப்பட்டார்கள். மாணவனின் மச்சான் அங்கே வேன் ஓட்டுகிறவர். அவருக்கு வெள்ளைக்காரர்மீது தீராத கோபம். சந்தபுரித் தரகர் ஒருவரும் தன் வீட்டில் இருந்து இதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார் என்று நான் சொன்னபோது மாணவன் சிரித்தான்.

இப்போது அவனும் இன்னும் இருவரும் சேர்ந்து ஒரு கம்பனி பதிவது பற்றிக் கணக்குப் பார்க்கிறார்கள். மூலதனத்தை எப்படியும் புரட்டிவிடலாமாம். நாலு நாலாக ஊழியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பதுதான் இடிக்கிறது என்கிறான்.