கர்ப்பஸ்த சிசுவும் ராஜதர்மமும்

கர்ப்பத்திலுள்ள ஜீவன் தாயினின்றும் வேறான ஓர் ஆத்மா என்பதில் ஆஸ்திகர்களுக்கு ஐயமில்லை. கயாதுவின் கர்ப்பத்திலிருந்தபடியே ப்ரஹ்லாதாழ்வான் நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் அன்றோ! ப்ரூணஹத்தியைத் தர்மசாஸ்திரங்கள் கொடிய பாபங்களோடு சேர்த்தே பேசுகின்றன. ஆயினும் பாபம் எனப்பட்டது யாவற்றையும் ராஜதண்டத்தால் அடக்கலாமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்க தேசத்தில் இன்று அக்கேள்வியே எழுந்துள்ளது. கருக்கலைப்பை நாடெங்கும் உரிமையாக்கிய 1973-ஆம் வருஷத்துத் தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் நீக்கவே, விஷயம் மாநிலங்களின் கைக்குச் சென்றது. தென் கரோலைனாவில் 2023-இல் ஒரு மசோதா வந்தது. கரு உண்டான கணம் முதலே அதனை மனிதராகக் கொண்டு, கலைத்துக்கொள்ளும் தாயையும் கொலைச் சட்டத்திற்கு உட்படுத்த அது முற்பட்டது. அம்மாநிலத்தில் கொலைக்கு மரண தண்டனையும் உண்டு. மசோதா நிறைவேறவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் 2019-ஆம் வருஷத்துச் சட்டமோ, இதயத் துடிப்பு புலப்படும் கருவையும் மனிதராக எண்ணுகிறது. 2022-இல் அது அமலுக்கு வந்தபோது, அக்கருவின் பொருட்டு வருமான வரியில் 3000 டாலர் விலக்கும் கிடைத்தது.

வரிவிலக்கு என்றதும் மனுஸ்ம்ருதி நினைவுக்கு வரும். இரண்டு மாதம் கடந்த கர்ப்பிணியிடம் ஓடத்துறையில் தீர்வை வாங்கலாகாது என்பது அதன் எட்டாம் அத்யாயம். ஸந்யாஸிக்கும் அதே சலுகைதான். அதிதிக்கு முன்பாகவே கர்ப்பிணிக்கு அன்னமிட வேண்டும், இதில் யோசனையே கூடாது என்பது மூன்றாம் அத்யாயம். மசக்கை ஆசையை நிறைவேற்றாவிடில் தோஷம் சிசுவுக்கே என்கிறார் யாஜ்ஞவல்க்யர். ஆக, சிசுவுக்கு உரியதைத் தாயின் கையில் கொடுத்தே சேர்ப்பித்தார்கள். கடமையைப் புருஷன், வீட்டார், ஓடக்காரன், அரசன் என்று சுற்றியுள்ளோர் அனைவர் தலையிலும் வைத்தார்கள். அந்தக் கடமைகளைக் கேட்காமல், கலைத்தவளை மட்டும் கொலைகாரி என்று கூண்டில் நிறுத்துவதை ராஜதர்மம் என்று எப்படிச் சொல்வது? அவளைக் கைவிட்டவன் அந்த வழக்கில் சாட்சியாகக்கூட வரமாட்டான்.

உத்தரையின் சரித்திரம் ஸேவைக்கு வந்துள்ள அன்பர்கள் அறிந்ததே. போரில் கணவனை இழந்த இளம்பெண். அச்வத்தாமாவின் அஸ்த்ரம் தன் கர்ப்பத்தைத் தேடி வரக் கண்டு, தான் எரிந்தாலும் கரு விழலாகாது என்று கதறிக்கொண்டு கண்ணனிடம் ஓடி வந்தாள். அவன் த்வாரகைக்குப் புறப்படத் தேரில் ஏறியிருந்த சமயம் அது. கர்ப்பத்தினுள் புகுந்து பரீக்ஷித்தைக் காத்தான். உத்தரைக்கும் தீங்கு நேரவில்லை. அன்று தேர் புறப்படவில்லை. எம்பெருமான் மேலும் சில மாதங்கள் ஹஸ்தினாபுரத்திலேயே எழுந்தருளியிருந்தான்.