காத்திருப்பதற்கு ஒரு பெயர்

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளியில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி முடிந்து வந்து கேட்டாள்: "நாங்க சத்தம் போடாம இருக்கணும். போலீஸ் என்னப்பா செய்வாங்க?" "உடனே உள்ள வருவாங்க" என்றேன்.

1999இல் கொலம்பைன் பள்ளியில், முதலில் வந்த காவலர்கள் சிறப்புப் படைக்காக வெளியே காத்திருந்தார்கள். அதன்பின் அமெரிக்கக் காவல் பயிற்சி மாறியது: முதலில் வருபவரே துப்பாக்கிச் சத்தத்தை நோக்கிப் போக வேண்டும். ஆனால் 2022 மே 24 அன்று டெக்சஸின் உவால்டேயில், வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தைகள் 911ஐ அழைத்துக்கொண்டிருக்க, கொலையாளியை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளி மாவட்டக் காவல்துறை இதே பயிற்சியை நடத்தியிருந்தது.

அப்படியானால் பயிற்சி வீணா? முதலில் வந்தவர்கள் சில நிமிடங்களில் அறையை நெருங்கினார்கள், சுடப்பட்டதும் பின்வாங்கினார்கள். பிறகு, அவன் 'அறைக்குள் பதுங்கிய ஆள்' ஆகிவிட்டான். பதுங்கியவனிடம் பொறுமை காட்டவும் ஒரு விதி உண்டு. அச்சம் விதியை மீறச் சொல்வதில்லை. வசதியான விதியை எடுத்துக் கொடுக்கிறது.

உயிரைக் கொடு என்று இன்னொருவரைக் கேட்க எனக்கு என்ன உரிமை? சீருடையோடு அவர் ஏற்ற வாக்கு மட்டுமே. அந்த வாக்கைக் காக்கும் வலிமையை அவருக்குத் தருவது நம் கடன். குறிபார்க்கக் கற்பித்தால் போதாது; 'என் காத்திருப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?' என்று கேட்கவும் பழக்க வேண்டும்.

மகளிடம் சொன்னதை நான் திருத்தவில்லை. ஆனால் அது தகவல் அல்ல, முகம் தெரியாத ஒருவர் சார்பில் நான் கொடுத்த வாக்கு.