மூச்சும் சோறும் கூடும் இடம்

சிதம்பரம் கோயில் சிற்சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள் வேயப்பட்டிருப்பதாக மரபு சொல்கிறது. ஒருவர் ஒரு பகலும் ஓர் இரவும் விடும் மூச்சின் எண்ணிக்கை அது. நிமிடத்துக்குப் பதினைந்து என்று கொண்டால் கணக்குச் சரியாக வருகிறது. இன்றைய மருத்துவமும் ஓய்வாக இருப்பவருக்கு 12 முதல் 20 வரை என்றே சொல்கிறது. அண்ணாந்து பார்க்கும் நாம் அங்கே காண்பது நம் வாழ்நாளில் ஒரே ஒரு நாளைத்தான்.

அதே கோயிலின் நைவேத்தியம் சம்பா சாதம். கத்தரிக்காய் கொத்சோடு அதில் ஒரு கவளம் எடுத்து விழுங்குகிறோம். தொண்டையில் காற்றுக்கும் சோற்றுக்கும் வாசல் ஒன்றுதான். கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பார்த்தால் குரல்வளை மேலேறி இறங்குவது தெரியும். அந்த ஒரு நொடி மூச்சு தன்னை நிறுத்திக்கொண்டு சோற்றுக்கு வழிவிடுகிறது. முறை தவறினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் நம் தலையில் தட்டுகிறார்.

அதன்பின் இரண்டும் பிரிகின்றன. காற்று, நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகளுக்குப் போகிறது. சோறு, ஆறு மீட்டர் நீளச் சிறுகுடலில் மணிக்கணக்கில் கரைகிறது. புறத்தே இருந்ததை இரத்தத்துக்குள் புகச் செய்வதே இரண்டு இடங்களின் வேலையும். பிறகு உயிரணுக்களில் காற்றும் சோறும் மறுபடி சந்திக்கின்றன. சோற்றின் சர்க்கரை காற்றின் பிராணவாயுவோடு கூடி வெப்பமும் வலிமையும் ஆகிறது. எஞ்சுவது நீரும் கரியமில வாயுவும். உண்ட சோற்றின் கரியில் பெரும்பங்கு இவ்வாறு மூச்சாகவே வெளியேறுகிறது. அந்த மூச்சைக் கொள்ளிடக்கரை வயல்களின் நெற்பயிர் தன் இலைத்துளைகளால் உள்வாங்கி, வீராணத்து நீரோடும் வெயிலோடும் சேர்த்து மறுபடி அரிசியாக்கும்போது, நாம் உண்பது பிறர் விட்ட மூச்சையே என்பதும், நாம் விடும் மூச்சு முன்பின் அறியாத ஒருவரின் சோறாகப் போகிறது என்பதும், நம்முடையது என்று நாம் காக்கும் இந்த உடம்பு எல்லோருக்கும் பொதுவான ஒன்று சிறிது காலம் தங்கிச் செல்லும் வழி என்பதும் நமக்கு விளங்கத் தொடங்குகின்றன.

ஆயினும் நம் வாழ்வில் மூச்சும் சோறும் ஒன்றுபோல நடத்தப்படுவதில்லை. மூச்சை எவராலும் சேர்த்துவைக்க இயலாது. சில நிமிடங்கள் தடைப்பட்டால் மூளை அழியத் தொடங்கும். சோற்றை உடம்பு கொழுப்பாகச் சேர்க்கிறது, மனிதன் குதிரில் நெல்லாகச் சேர்க்கிறான். சேர்த்துவைக்க முடிந்த பொருளில்தான் உடையவர், இல்லாதவர் என்ற பிரிவு பிறந்தது. பசி என்பது இயற்கை தந்த உணர்வு. ஒருவர் பசித்தே கிடப்பது மனிதர் உண்டாக்கிய நிலை.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் பசி தீர்ப்பதைத் தம் வாழ்வின் மையமாக்கினார். பசியால் உடம்பின் கருவிகள் ஒவ்வொன்றாகத் தளர்வதை வரிசைப்படுத்தி எழுதிய அவர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஞானசபை எழுந்தது அதற்குப் பிறகு, 1872இல்தான். சோறு முதலில், தத்துவம் அடுத்து என்ற இந்த முறையை நான் தற்செயலாகக் கருதவில்லை. அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து, வருகிறவர் யார் என்று கேளாமல் சோறிடுகிறது.

காற்றுக்கும் இப்படி ஒரு தருமச்சாலை வேண்டியிருக்கும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. பேருந்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடலாம். அதை ஒட்டிய குடிகாடு ஊரில் குடியிருப்பவர்களால் அது முடியாது. தூய காற்று, உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பசித்தவருக்கு நம் பங்குச் சோற்றைக் கொடுப்பதுபோல் மூச்சுத் திணறுபவருக்கு நம் பங்குக் காற்றை அள்ளிக் கொடுக்க வழியில்லை. அவர் காற்றில் எதையும் கலக்காதிருப்பது ஒன்றே நம்மால் இயலும் கொடை. அது கிடைக்காத நிலையில், 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தாங்கள் எதைச் சுவாசிக்கிறோம் என்று அறிய, வாளிக்குள் பொருத்திய பையில் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.